ஹைட்ரோமீட்டர் காட்டும் எண்ணை எங்கே நம்பலாம்?

திருப்பூரில் சாயப்பட்டறை லேபுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "48 என்றால் என்ன?" என்றுதான். டேங்கரில் வந்து இறங்கும் காஸ்டிக் லை, அதாவது காஸ்டிக் சோடா கரைசல், 48 என்றால் அது எடைச் சதவீதம். மெர்சரைசிங் தொட்டிக்கு 48 என்று ஆபரேட்டர் சொன்னால் அது ட்வாடல் டிகிரி. ஹைட்ரோமீட்டரில் போமே அளவு அச்சிட்டிருந்தால் 48 வேறொரு திரவம். இந்த மூன்றின் ஒப்படர்த்தியும் முறையே 1.51, 1.24, 1.495. நடுவில் உள்ளதில் காஸ்டிக் 22 சதவீதம்தான். எண்ணை மட்டும் எழுதி அலகை விட்டுவிட்ட லாக் புத்தகத்தை வைத்துக்கொண்டு எந்தத் தொட்டியையும் சரிசெய்ய முடியாது.

அளவுகோல்களை மாற்றப் பெரிய கணக்கு தேவையில்லை. ட்வாடல் எண்ணை 200-ஆல் வகுத்து 1 கூட்டினால் ஒப்படர்த்தி. தண்ணீரைவிடக் கனமான திரவத்துக்குப் போமே எண்ணை 145-லிருந்து கழித்து, வரும் விடையால் 145-ஐ வகுக்க வேண்டும். 28 போமேயும் 48 ட்வாடலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது இதில் தெரிந்துவிடும். இந்த இரண்டு வரியையும் பெயிண்டில் எழுதிச் சுவரில் மாட்டச் சொல்வேன்.

இதைவிடப் பணம் வீணாகும் இடம், எடைச் சதவீதத்தையும் லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதையும் ஒன்றாக நினைப்பது. 48 சதவீத லை ஒரு லிட்டர் எடுத்தால் அதில் காஸ்டிக் 480 கிராம் என்றே பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஒரு லிட்டரின் எடை 1.51 கிலோ, அதில் 48 சதவீதம் என்பது 725 கிராம். ரெசிபி லிட்டருக்கு இத்தனை கிராம் என்று கேட்கும்போது லையை 480 என்று எடுத்துக்கொண்டால் தேவையானதைப்போல் ஒன்றரை மடங்கு காஸ்டிக் உள்ளே போய்விடும்.

அடுத்தது சூடு. 20 சதவீத காஸ்டிக் 20 டிகிரி செல்சியஸில் 1.219 காட்டும். அதே கரைசல் 40 டிகிரியில் 1.208. அட்டவணையைப் பார்த்தால் 19 சதவீதம் என்று சொல்லும். ஆபரேட்டர் லை ஊற்றிக்கொண்டே இருப்பார். காஸ்டிக் தண்ணீரில் கலக்கும்போது தானாகவே சூடேறும் என்பதால், கலந்த கையோடு அளப்பதில் பொருளே இல்லை. சாம்பிளை மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து, தண்ணீர் வாளியில் நிறுத்தி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே அளக்கவும். ஹைட்ரோமீட்டர் எந்த வெப்பநிலைக்குச் செய்யப்பட்டது என்பது அதன் உள்ளே இருக்கும் காகிதத்திலேயே அச்சாகியிருக்கும். அதைப் படிக்காமல் கடையில் வாங்காதீர்கள்.

அந்தக் காகிதம் நாளடைவில் பசை விட்டு நழுவும். கண்ணாடி உடையாமலே கருவி பொய் சொல்லத் தொடங்கும் இடம் இது. அவ்வப்போது சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டு 1.000 வருகிறதா என்று பார்க்க வேண்டும். கனமான திரவத்துக்கான கருவியில் 1.000 கோடே இருக்காது. அதற்கு ஒப்படர்த்திக் குப்பி வைத்துக்கொள்ளலாம். வெறும் குப்பி, தண்ணீர் நிறைத்த குப்பி, திரவம் நிறைத்த குப்பி என்று மூன்று எடை போதும். நல்ல தராசு இருந்தால் இதைவிட நம்பகமான சாட்சி லேபில் கிடையாது.

மிதக்கவிடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாடி அகலமாக இருக்கட்டும், தண்டு ஈரமில்லாமல் இருக்கட்டும். லேசாகச் சுழற்றிவிட்டால் ஒட்டிய குமிழ்கள் போய்விடும். கெட்டியான லையில் கருவி நிலைக்க நேரமாகும், காத்திருங்கள். கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து வளைவின் அடியைப் படியுங்கள். அப்படிக் குனியும்போது கண்ணாடி போட்டிருப்பது கட்டாயம். காஸ்டிக் துளி கண்ணில் பட்டால் பார்வையே போகும்.

இவ்வளவு கவனமாக அளந்தாலும், திரவம் எவ்வளவு கனம் என்பதை மட்டுமே ஹைட்ரோமீட்டர் சொல்கிறது. எதனால் கனம் என்று அதற்குத் தெரியாது. பாலில் தண்ணீரோடு சர்க்கரையும் சேர்த்தால் லாக்டோமீட்டர் ஏமாறுவது இதனால்தான். மெர்சரைசிங்கில் மீட்டெடுத்த லை காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துச் சோடியம் கார்பனேட்டாக மாறியிருக்கும். ட்வாடல் சரியாக நிற்கும், துணியில் பளபளப்பு வராது. "டிகிரி கரெக்டா இருக்குதுங்களே சார்" என்று ஆபரேட்டர் சொல்வது உண்மைதான். ஆனால் காஸ்டிக் எவ்வளவு மிச்சம் என்பதை டைட்ரேஷன்தான் சொல்லும்: ஃபினாப்தலினில் முதல் டைட்ரேஷன், அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சு விட்டு இரண்டாவது. முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் காஸ்டிக். இரண்டாவதின் இரு மடங்கு கார்பனேட்.

சோடியம் ஹைப்போகுளோரைட் இன்னும் மோசம். வெயிலில் கிடந்து குளோரின் வீரியம் இறங்கினாலும் உப்பு உள்ளேயே தங்குவதால் அடர்த்தி பெரிதாக மாறாது. பொட்டாசியம் அயோடைடும் தயோசல்பேட்டும் வைத்து டைட்ரேட் செய்வதைத் தவிர இதற்கு வழியில்லை. கந்தக அமிலத்தில் 97 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி ஏறாது, சற்று இறங்கவே செய்யும். அங்கேயும் ஹைட்ரோமீட்டரை ஒதுக்கிவையுங்கள்.

வாங்கும்போது அதிகம் கவனிக்க வேண்டியது அசெட்டிக் அமிலம். அதன் அடர்த்தி 80 சதவீதத்தை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். 20 டிகிரியில் சுத்தமான கிளேசியல் 1.05, 40 சதவீத அமிலமும் கிட்டத்தட்ட அதுவே. பில்லில் கிளேசியல் என்றிருக்க, கேனில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தாலும் ஹைட்ரோமீட்டர் தலையாட்டும். சப்ளையரின் ஆள் நிற்கும்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சாம்பிளில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, ஆறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் சரக்கு கெட்டியான பக்கத்தில் இருக்கிறது. இறங்கினால் கேனை இறக்கவே வேண்டாம். ஏறிய பிறகும் சரியான சதவீதம் டைட்ரேஷனில்தான் தெரியும். அது வந்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடலாம்.