விலையை எல்லோருக்கும் கேட்கச் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஆரி வொர்க் பிளவுஸ் ஃபேஸ்புக் பக்கத்தில் லைக் விழவில்லை, "மூன்று பேரை டேக் செய்தால் ஒரு பிளவுஸ் இலவசம்" என்று போட்டி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். லைக் போடு, டேக் செய் என்று கெஞ்சும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. நண்பர்களை டேக் செய்வதைப் போட்டிக்கு நிபந்தனையாக வைக்க அதன் விதியும் இடம் தருவதில்லை. விதி கிடக்கட்டும், அப்படி வருகிறவர்கள் இலவசத்துக்கு வருகிறவர்கள். போட்டி முடிந்த மறுநாள் உன் பதிவில் அவர்கள் விரல் நிற்காது. யாரும் நின்று பார்க்காத பதிவை, வாங்க நினைக்கிறவளுக்கும் அந்தத் தளம் காட்டத் தயங்கும்.

"வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்கள் பெரியப்பா" என்பாய். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018இல் தொடங்கி, 2021 ஜூலையில் தமிழ் யூடியூப் சேனல்களில் முதலாவதாக ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டவர்கள்தான். ஆனால் அவர்கள் சமைத்ததையா விற்கிறார்கள்? காட்சியை விற்கிறார்கள். கனடாவிலிருந்து ஒருவர் பார்த்தாலும் அது வருமானம். உனக்கோ, அளவு கொடுக்க ஒரு தரம், அக்குள் பிடிக்கிறது என்று பிரிக்க ஒரு தரம், தாம்பரம் கேம்ப் ரோடு நெரிசலைத் தாண்டி வரக்கூடியவள்தான் வாடிக்கையாளர். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மிஞ்சினால் மேடவாக்கம், பெருங்களத்தூர். தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள். அதில் ஐந்து வார்டுப் பெண்கள் உன் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தால் உன் கை ஓயாது.

அவர்கள் பேசத்தான் செய்கிறார்கள். "விலை என்ன?" என்று கேட்கிறார்கள்; நீதான் "இன்பாக்ஸ் வாங்க சிஸ்" என்று வாயை அடைத்துவிடுகிறாய். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விலை கேட்டவளை "அந்தப் பக்கம் வாங்க, தனியாச் சொல்றேன்" என்று அழைத்தால் நிற்பாளா? விலையைச் சொன்னால் அடுத்த தெருக்காரி நூறு ரூபாய் குறைப்பாள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் வேவு பார்க்க நினைப்பவள் இன்பாக்ஸுக்கு வந்தும் கேட்பாள். மறைப்பதால் தப்பிப்போகிறவள் கூச்சப்பட்டு நகர்ந்துவிடும் வாடிக்கையாளர் மட்டுமே. ஆகவே காரணத்தோடு விலை சொல்: கழுத்துக்கு மட்டும் என்றால் இவ்வளவு, கைக்கும் சேர்த்தால் இவ்வளவு, ஃபிரேமில் இத்தனை நாள் வேலை. உடனே அடுத்தவள் கேட்பாள்: துணி நாங்கள் தரணுமா, முகூர்த்தத்துக்குள் கிடைக்குமா? உன் அடுத்த ரீல்ஸ் அந்தக் கேள்விதான். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் வரிசைமுறையை மாற்றியபோது முன்னுரிமை தந்ததும், ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கே.

ஊசி பிடிப்பதா, போன் பிடிப்பதா என்பது உன் அடுத்த கேள்வியாக இருக்கும். எல்லோரும் கேட்பது அதே பத்துக் கேள்விகளைத்தான். இப்போது அவற்றுக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்கிறாய். வெளியில் ஒருமுறை சொன்னால் பின்னால் வருகிறவர்கள் படித்துக்கொள்வார்கள். ஆடியில் வேலை குறைவாக இருக்கும் அல்லவா, பதில் இல்லாமல் கிடக்கும் பழைய கமெண்ட்களை அப்போது எடுத்து உட்கார். ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்கக் கிளம்பும் முன்பே அவர்களுக்கு உன் விலை தெரிந்திருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா