இமையில்லாப் பிராணியின் உறக்கம்

(இரண்டாமாண்டு மாணவன், பீங்கான் தொழில்நுட்பப் பிரிவு, நல்லூர்)



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நம் பிரிவு நண்பர்கள் சூளை, கிளேஸ், டைல்ஸ் என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது தூக்கம்! சிரிக்க வேண்டாம். வகுப்பில் நாம் தூங்கும் தூக்கம் அல்ல, ஆக்ஸோலாட்டில் என்னும் பிராணியின் தூக்கம்.

சென்னையில் ஒரு மீன் கடைக்குப் போய்வந்த என் அறைத்தோழன் சொன்னான்: "மச்சான், கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குதுடா. கண்ணாடியத் தட்டினேன், அசையவே இல்ல. செத்துப்போச்சான்னு கேட்டா கடைக்காரர் சிரிக்கிறார். காசு சேரட்டும், நானும் ஒண்ணு வாங்கிடறேன்." நம்ம ஊர் வெயிலில் அது தூங்குமா, துடிக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டினேன்.

ஆக்ஸோலாட்டில் மீன் அல்ல. தவளைக்கு உறவான சாலமாண்டர் இனம். தலையின் இரு பக்கமும் இறகு போல மும்மூன்று செவுள்கள். தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாவதை நாம் அறிவோம். இதுவோ சாதாரணமாக உருமாறுவதே இல்லை. குழந்தை உருவத்திலேயே வளர்ந்து, முட்டையிட்டு, தண்ணீரிலேயே வாழ்நாளை முடிக்கிறது. இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும். 1864-ல் மெக்சிகோவிலிருந்து 34 பிராணிகள் பாரிசுக்குக் கப்பலில் போயின. ஆய்வகங்களில் இதை வளர்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் பரவியது. சொந்த ஊரில் நிலைமை பரிதாபம். 1998 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை 2014-ல் 36 ஆகிவிட்டன. மெக்சிகோ அரசு 2021-ல் வெளியிட்ட 50 பெசோ நோட்டில் இதன் படம் இருக்கிறது. நோட்டில் பத்திரம், ஏரியில் இல்லை!

விஷயத்துக்கு வருவோம். இமை இல்லாத பிராணி தூங்குகிறதா, சும்மா இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விஞ்ஞானிகள் கண்ணைப் பார்ப்பதில்லை, நடத்தையைப் பார்க்கிறார்கள். அசைவு நிற்க வேண்டும். வழக்கமான இடத்தில், வழக்கமான நிலையில் கிடக்க வேண்டும். சின்னத் தொந்தரவுக்கு எழக்கூடாது, பெரிய தொந்தரவுக்கு உடனே எழ வேண்டும். முக்கியமாக, தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் கூடுதலாகத் தூங்க வேண்டும். இந்தக் கடைசி விதி நமக்கும் பொருந்தும். செமஸ்டர் முடிந்த மறுநாள் விடுதியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்தச் சோதனை சுலபம் என்று எண்ணிவிடாதீர்கள். 1967-ல் ஹாப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்நாட்டுப் பெருந்தவளையைச் சோதித்தார். அசையாமல் கிடந்த நேரத்திலும் அது லேசான மின் அதிர்ச்சிக்குச் சளைக்காமல் பதில் கொடுத்தது. தவளை தூங்குவதில்லை, ஓய்வு மட்டுமே எடுக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அந்தச் சோதனை போதாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். ஆகவே ஆக்ஸோலாட்டிலுக்கும் "ஓய்வு" என்ற சொல்லே பாதுகாப்பானது.

ஓய்வில் அது தொட்டியின் அடியில், பெரும்பாலும் மறைவான மூலையில், வயிறு தரையில் படக் கிடக்கும். செவுள்களை எப்போதாவது ஒருமுறை வெடுக்கென உதறும். நுரையீரலும் உண்டு என்பதால் இடையிடையே மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி கீழே போகும். நம்மைப் போல ஒரே மூச்சாக எட்டு மணி நேரம் கிடையாது. துண்டு துண்டாக ஓய்வெடுக்கும். வெளிச்சம் குறைந்த அந்தியிலும் இரவிலும்தான் சுறுசுறுப்பு. ஆக, கடையில் பகலில் அது அசையாமல் கிடந்ததில் வியப்பில்லை. கண்ணாடியைத் தட்டியதுதான் தப்பு.

அந்த ஓய்வைக் கெடுப்பவை மூன்று. முதலாவது வெளிச்சம். தொட்டி அழகாகத் தெரிய வேண்டுமென்று நாள் முழுக்க விளக்கு எரிப்பார்கள். மூட இமை இல்லாத உயிர் எங்கே போகும்? என் அப்பா சூளையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர். அவர் பகலில் படுக்கும்போது அம்மா ஜன்னலுக்குச் சாக்கு கட்டிவிட்டு, "சத்தம் போடாதடா, ஒங்கப்பா இப்பதான் கண்ணசந்தாரு" என்பார். அந்தச் சாக்கு மாதிரி ஆக்ஸோலாட்டிலுக்கும் ஒரு மறைவிடம் தேவை. நம் பிரிவுக்காரர்களுக்கு இது கைவந்த வேலை. வாய் அகன்ற சுட்ட மண்சட்டியைச் சாய்த்து வைத்தால் போதும். ஓரம் கூர்மையாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஈயம் கலந்த கிளேஸ் போட்ட பொம்மையை மட்டும் உள்ளே போடாதீர்கள், ஈயம் தண்ணீரில் இறங்கும். இரண்டாவது நீரோட்டம். ஏரியில் வாழ்ந்த பிராணி இது. வேகமான பில்டரை எதிர்த்து நின்றுகொண்டே இருந்தால் அதற்கு ஏது ஓய்வு? செவுள்கள் முன்பக்கமாக வளைந்து நின்றால் அது கஷ்டப்படுகிறது என்று பொருள்.

மூன்றாவதுதான் நமக்குப் பெரிய விவகாரம், வெப்பம். அதற்கு உகந்த தண்ணீர் 16 முதல் 18 டிகிரி. 24-ஐத் தாண்டினாலே ஆபத்து. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்த ஆக்சிஜன் குறைகிறது, உடம்பின் தேவையோ கூடுகிறது. தீனி எடுக்காது, நிலைகொள்ளாது, பிறகு நோய் வரும். நம்ம விருத்தாசலம் பக்கம் கத்திரி வெயிலில் 40 டிகிரி சர்வ சாதாரணம்.

"மண்பானையில வெச்சா ஜில்லுனு இருக்குமேடா" என்றான் தோழன். நல்ல கேள்வி, நம் பாடத்துக்கே உரிய கேள்வி! கிளேஸ் போடாத பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துப்போகிறது. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுகிற ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே எந்தப் பானையும் குளிராது. காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அந்த எல்லை ஏறக்குறைய 25 டிகிரி. ஈரப்பதம் கூடினால் எல்லையும் ஏறும். நமக்குத் தாகம் தீர்க்கும் பானை அதற்குப் போதாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ, இரவு பகலாக ஓடும் ஏசியோ வேண்டும். நம் விடுதியில் மின்விசிறியே மின்சாரம் இருந்தால்தான் சுற்றுகிறது.

சட்டமும் இருக்கிறது. சைட்டிஸ் எனும் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்ஸோலாட்டில் உண்டு. அத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என 2022-ஆம் ஆண்டின் வனவிலங்குத் திருத்தச் சட்டம் சொல்கிறது. எல்லாம் கேட்ட தோழன் அந்தக் காசில் செருப்பும் கால்குலேட்டரும் வாங்கிக்கொண்டான்.

அப்படியானால் இதே வெயிலில் நம்ம ஊர் உயிர்கள் எப்படி ஓய்வெடுக்கின்றன? தமிழ்நாட்டில் சாலமாண்டர் கிடையாது. இந்தியாவில் இமயமலைப் பக்கம், டார்ஜிலிங் போன்ற இடங்களில் உண்டு. நமக்கு வாய்த்தது தவளையும் தேரையும். இவற்றில் சில மண்ணில் புதைந்து கோடையைக் கழிக்கின்றன. பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு கெட்டியான மேடு இருக்கும். அதால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும். மேலே தரை கொதித்தாலும் அடிமண்ணில் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். மூச்சும் இதயத் துடிப்பும் குறைய, சிறுநீர்ப்பையில் சேர்த்த நீரைக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். இதைக் கோடைத்துயில் என்பார்கள். இது ராத்திரித் தூக்கம் அல்ல. தட்டி எழுப்பிவிட்டு மறுநாள் ஈடுகட்ட முடியாது. எழுந்தால் சேமித்த நீரும் கொழுப்பும் செலவாகும், வெளியே தீனி இருக்காது. மழைச்சத்தம் கேட்டுக் கிளம்புகிறவைதான் குட்டைகளில் கத்தி, முட்டையிட்டு, பூச்சிகளைத் தின்கின்றன.

ஏரியில் வண்டலும் களிமண்ணும் வெட்டுவது அதே கோடையில்தான். நம் தொழிலே மண்ணில்தான் இருக்கிறது! எங்கள் ஊர்ப் பெரியப்பா ஒருவர் சட்டிக்கு மண்ணெடுக்கும்போது உருண்டையாகத் தவளை வந்தால், "தூங்குது தம்பி, மேல போட்றாத, காஞ்சிடும்" என்பார். வெட்டாத கரையோரம், நிழலில், ஈரமண்ணில் ஒரு முழம் பள்ளம் பறித்து அதை உள்ளே விடுவார். மண்ணை இறுக்கி மிதிக்காமல் பொலபொலவென்று மேலே தூவிவிட்டு, அடுத்த கூடைக்குப் போவார்.