ஃபூல்பகானைத் தாண்டி நாலு ஸ்டேஷன்

வேலை செக்டர் ஃபைவில், தங்குவது ஃபூல்பகானில் என்று நீ சொன்னதுமே எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. உனக்கு வாய்த்திருப்பது கல்கத்தா மெட்ரோவின் பச்சைத் தடம். தினமும் சாயங்காலம் ஃபூல்பகான் வந்ததும் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாய் அல்லவா? வாரத்தில் ஒரு நாள் இறங்காமல் உட்கார்ந்திரு. அடுத்து சியால்தா, அப்புறம் எஸ்ப்ளனேட், மகாகரண், ஹவுரா. புத்தகம், ட்ராம், ஆறு, அரட்டை எல்லாம் இந்த நாலு ஸ்டேஷனுக்குள் அடக்கம். 2025 ஆகஸ்டில் சியால்தாவுக்கும் எஸ்ப்ளனேடுக்கும் நடுவே விட்டுப்போயிருந்த துண்டைத் திறந்த பிறகுதான் இது ஒரே ரயிலில் நடக்கிறது. நான் வந்த புதிதில் இதே தூரத்துக்கு இரண்டு பஸ் மாறி, வியர்த்து வழிந்து போவேன். நீ கொடுத்து வைத்தவள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பட்டியல் போடாதே. "கல்கத்தாவில் பார்க்க வேண்டிய ஐம்பது இடங்கள்" என்று போனில் சேமித்து வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். விக்டோரியா மெமோரியலும் மியூசியமும் எங்கேயும் ஓடிவிடாது. அம்மாவும் அப்பாவும் வரும்போது அவர்களோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். உனக்கு நாலே இடம் போதும். ஆனால் அந்த நாலிலும் உன்னைக் கண்டதும் ஒரு ஆளாவது தலையசைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, போன இடத்துக்கே திரும்பப் போவது. கூடுமானவரை அதே கிழமை, அதே நேரம். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அதில் பாதுகாப்பும் இருக்கிறது. புது இடத்தில் நீ யாரோ. பழகிய இடத்தில் பஸ் நின்றுபோனால் எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

சியால்தாவில் இறங்கி மகாத்மா காந்தி ரோடு வழியே மேற்கே நட. கால் மணி நேரத்தில் காலேஜ் ஸ்ட்ரீட். இந்த ஊர்க்காரர்கள் "பொய் பாடா" என்பார்கள், புத்தகப் பேட்டை. சனிக்கிழமை மதியம் போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டிக் கிடக்கும். போனதும் ஏமாற்றமாகத்தான் இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைக்குக் கடை நீட், ஜேஇஇ, பேங்க் பரீட்சை கைடுகள்தான் கூரை முட்ட அடுக்கியிருக்கும். மனசைத் தளரவிடாதே. பிரசிடென்சி பல்கலைக்கழகச் சுவரை ஒட்டின நடைபாதைப் பெட்டிக்கடைகளை ஒரு தடவை முழுக்க நடந்து பார். கைடுகளுக்கு நடுவே பழைய நாவலும் பழைய பத்திரிகையும் வைத்திருக்கிற கடைகள் சில தட்டுப்படும். அதில் ஒன்றை உன் கடையாக வைத்துக்கொள்.

வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. புத்தகத்தை நீயாக உருவாதே. அந்த அடுக்கு எந்தச் சிமெண்டும் இல்லாமல் நிற்கிற சுவர், ஒன்றை இழுத்தால் மொத்தமும் சரியும். "தாதா, எக்டு தேக்போ" என்று சொன்னால் போதும், கொஞ்சம் பார்க்கிறேன் என்று அர்த்தம். கடைக்காரர் கீழிருந்து நாலாவதை, மேலே இருப்பதைக் கலைக்காமல் ஒரே இழுப்பில் எடுத்து, தோளில் கிடக்கிற துண்டால் தட்டிக் கையில் கொடுப்பார். அட்டையைப் பார்த்து மயங்காதே. கடைசிப் பக்கம் இருக்கிறதா, நடுவில் ஒரு பாரம் விட்டுப்போயிருக்கிறதா, முதுகைப் பூச்சி தின்றிருக்கிறதா என்று பார். விலையை முதலில் அவர் சொல்லட்டும். பாதிக்குக் கேட்பது சுற்றுலாக்காரர்கள் பழக்கம். கொஞ்சம் குறைத்துக் கேள், கிடைக்காவிட்டால் சிரித்துவிட்டு வாங்கிக்கொள். அடுத்த வாரம் அவராகவே குறைப்பார்.

அந்தப் புத்தகங்களில் நான் முதலில் திறப்பது முதல் பக்கத்தைத்தான். வங்காளிகளிடம் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் புத்தகம் கொடுக்கிற வழக்கம் வெகுகாலமாக உண்டு. யார் யாருக்கு, என்ன தேதி, என்ன உறவு என்று மையில் எழுதியிருப்பார்கள். மாமா மருமகளுக்கு, தோழிகள் சேர்ந்து மணப்பெண்ணுக்கு, வாத்தியார் பரிசு வாங்கின பையனுக்கு. சிலதில் வாழ்த்து நாலு வரிக்குப் போய் பாதிக் கவிதையாகவே ஆகியிருக்கும். கையெழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரிடமே கேள், வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் படித்துச் சொல்வார். ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் மாதிரி நான் இந்தப் பக்கங்களுக்காகவே புத்தகம் சேர்க்கிறேன். உங்கள் அத்தான் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தப் பெட்டிக்கடைகளுக்கு நேர் எதிர் சந்தில் காபி ஹவுஸ். 1876-இல் ஆல்பர்ட் ஹால் என்று பெயர் பெற்ற இடம், 1942 முதல் காபி ஹவுஸ். மாடிப்படி ஏறினால் உயரமான கூரை, மேலே சுற்றிலும் பால்கனி, வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாகப் பரிமாறுகிறவர்கள். இப்போது அந்த ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கமே நடத்துகிறது. காபிக்காகப் போகாதே. நம்ம ஊர் டிகிரி காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு அது சரிப்படாது. 'இன்ஃப்யூஷன்' என்று கேட்டால் பால் இல்லாத கறுப்புக் காபி வரும், அது தேவலை. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். தனியாகப் போகிற பெண்ணை முறைத்துப் பார்க்கிறவர்களும் அங்கே கிடையாது. அத்தனை பேரும் தங்கள் மேஜையில் யாரையாவது மறுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பால்கனியில் இடம் கிடைத்தால் விடாதே. வாங்கின புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை அங்கேயே முடித்துவிடு. வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று வைத்த புத்தகத்தின் கதி உனக்கே தெரியும். வெயில் காலமானால் கல்லூரிச் சதுக்கத்துப் பக்கம் 1918 முதல் இருக்கிற பாரமவுண்ட் சர்பத் கடையில் ஒரு இளநீர் சர்பத்.

வங்காளி எழுத்து கற்றுக்கொள். பேச்சு தானாக வரும். எழுத்துக்குத்தான் நாம் முயற்சி எடுக்க வேண்டும். காலேஜ் ஸ்ட்ரீட்டிலேயே வித்யாசாகர் 1855-இல் எழுதின 'பர்ணபரிசய்' அரிச்சுவடி இன்றைக்கும் மெலிசான புத்தகமாகக் கிடைக்கும். அதோடு நாராயண் தேப்நாத் வரைந்த 'நோன்டே ஃபோன்டே' படக்கதை ஒன்று. ஹாஸ்டல் பையன்கள் அடிக்கிற கூத்து, படத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். மிச்சப் பாடத்தை பஸ் சொல்லிக்கொடுக்கும். தனியார் பஸ்களின் உடம்பு முழுக்க ஊர்ப்பெயர்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். நிறுத்தத்தில் நிற்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படி. விரலிடுக்கில் நோட்டுகளை நெடுக்காக மடித்துச் செருகியிருக்கிற கண்டக்டர், நீ இறங்கும்போது டிரைவருக்கு "ஆஸ்தே லேடீஸ்!" என்று கத்துவார். பெண்பிள்ளை இறங்குகிறாள், மெதுவாக என்று. வண்டி அப்படியும் முழுசாக நிற்காது. இடது காலை முதலில் வை.

எழுத்து வருகிறவரைக்கும் தமிழிலேயே வங்காளத்தைப் படி. ஆஷாபூர்ணா தேவியின் 'முதல் சபதம்' புவனா நடராஜன் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. சத்தியவதி கிராமத்தை விட்டுக் கல்கத்தாவுக்குக் குடிவருகிற பகுதிக்கு வந்ததும் என்னை நினைத்துக்கொள். தாராசங்கரின் 'ஆரோக்கிய நிகேதனம்' த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்தது, நாடி பிடித்துப் பார்க்கிற ஒரு கிழட்டு வைத்தியரின் கதை. அப்பாவுக்கும் பிடிக்கும், படித்து முடித்ததும் ஊருக்கு அனுப்பு.

இனி ஆறு. இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம், ஆபீஸ் சீக்கிரம் விட்ட ஒரு நாள் போதும். எஸ்ப்ளனேடில் இறங்காமல் ஹவுரா வரைக்கும் போ. மகாகரணைத் தாண்டினதும் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் தெரியும். அந்த முக்கால் நிமிஷம் உன் தலைக்கு மேலே ஹூக்ளி ஓடுகிறது. ஹவுரா ஸ்டேஷன் மிக ஆழத்தில் இருப்பதால் எஸ்கலேட்டர் ஏறி ஏறி மேலே வரவே கொஞ்ச நேரம் ஆகும். வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. சில்லறைக் காசுக்கு டிக்கெட் எடுத்து, பாபுகாட் போகிற லாஞ்சில் ஏறி ஓரத்தில் நில். போகும்போது ஆற்றுக்கு அடியில், வரும்போது ஆற்றுக்கு மேலே. இடது பக்கம் ஹவுரா பாலம். 1943-இல் திறந்தது, நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே இணைத்திருக்கிறார்கள். அதன் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை. அங்கே சாயங்காலம் போய்ப் பயனில்லை, விடிகாலையில் போ. சாமந்தி மாலைகளைப் பாம்புச் சுருளாகத் தோளில் சுற்றிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். வழியில் நின்று போட்டோ எடுத்தால் திட்டு விழும், அது நியாயமும்கூட. செருப்பு சேற்றுக்குத் தாங்குகிறதாக இருக்கட்டும்.

பாபுகாட்டில் இறங்கி ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் பிரின்செப் காட். தூண்கள் வைத்த வெள்ளை மண்டபம், வாசலில் பேல்பூரி மாதிரி ஜால்முடி விற்பவர்கள், கல்லூரி ஜோடிகள். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கையில் நீ பெயரைக் கவனி. ஜேம்ஸ் பிரின்செப் நாணயச்சாலையில் வேலை பார்த்தவர். 1837-இல் அசோகர் காலத்துப் பிராமி எழுத்தைப் படித்துக்காட்டியவர். சோழர், பாண்டியர் பெயர்கள் அசோகர் கல்வெட்டில் இருப்பது அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரியவந்தது. நம்மூர் ஆள் ஒருத்தி அங்கே நின்று ஒரு கும்பிடு போடுவதில் தப்பில்லை. இருட்டுவதற்குள் கிளம்பிவிடு. கடைசி லாஞ்சை நம்பி உட்காராதே.

ட்ராமைத் தள்ளிப்போடாதே, இதை மட்டும் அவசரமாகச் சொல்கிறேன். 1873-இல் குதிரை இழுத்த வண்டியாகத் தொடங்கி 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. 2024-இல் எஸ்ப்ளனேட், மைதானத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக மாநில அரசு சொன்னது. ட்ராம் பிரியர்கள் கோர்ட்டு வரைக்கும் போய்ச் சண்டை போடுகிறார்கள். இன்றைக்கு எந்தத் தடம் ஓடுகிறது என்று எஸ்ப்ளனேட் டிப்போவில் கேட்டு, எது நிற்கிறதோ அதில் ஏறு. எங்கே போகிறது என்பது முக்கியமே இல்லை. ஜன்னலோரம் பிடித்துக் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே மண்கோப்பையில் ஒரு டீ குடித்துவிட்டு அதிலேயே திரும்பி வா. அவசர வேலை இருக்கிற நாளில் மட்டும் ஏறிவிடாதே.

தடத்தை விட்டு விலகி ஒரே ஒரு இடம் சொல்கிறேன்: அலிப்பூர் தேசிய நூலகம். அடையாள அட்டையும் போட்டோவும் கொண்டுபோய் வாசகர் அட்டைக்கு எழுதிக்கொடு. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகிற ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே போக வேண்டும், தமிழ் உட்பட. சுதந்திரத்துக்குப் பிறகு அதை முதலில் நிர்வகித்த பி.எஸ். கேசவன் மயிலாப்பூரில் பிறந்தவர். அதைவிடப் பெரிய சங்கதி, தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை, நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர், பொத்திப் பொத்திச் சேர்த்த புத்தகங்களும் சுவடிகளும் அந்த நூலகத்தில்தான் இருக்கின்றன. அதைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து ஆய்வாளர்கள் ரயிலேறி வருகிறார்கள். உனக்கு பஸ் டிக்கெட்தான் செலவு. ஸ்வெட்டர் மாதிரி ஏதாவது கொண்டு போ, ஏசி சில நாள் வெளுத்து வாங்கும்.

மற்றதெல்லாம் சீசன்படி. துர்கா பூஜைக்கு முந்தின வாரங்களில் குமார்டுலியில் களிமண் சிலை செய்வதைப் பார்க்கலாம். கேமராவைத் தூக்குமுன் கேட்டுக்கொள். டிசம்பர், ஜனவரியில் சந்த்ராகாச்சி ஏரிக்குப் பறவைகள் வரும், பைனாகுலர் என்னிடம் இருக்கிறது, வாங்காதே. நாடகம் பார்க்க அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். பாஷை பாதி புரியாவிட்டாலும் உட்கார், நடிப்பு புரியும். ஜனவரிக் கடைசியில் புத்தகக் கண்காட்சி, 1976 முதல் நடப்பது. இப்போது சால்ட் லேக்கில், உன் ஆபீஸுக்கு அடுத்த ஸ்டேஷனான கருணாமயியில் இறங்கினால் வாசல். நுழைவு இலவசம். சனி, ஞாயிறு போனால் புத்தகத்தைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்கலாம். வேலை நாளில், ஆபீஸ் விட்ட கையோடு போ. சிறுபத்திரிகைகளுக்கென்று தனிக் கூடாரம் உண்டு, அங்கே ஆரம்பி. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரே அந்தப் பத்திரிகையின் ஆசிரியராகவும் இருப்பார், ஒரு பிரதி வாங்கினால் அரை மணி நேரம் பேசுவார்.

கைப்பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: சில்லறை, குடை, ஒரு துணிப்பை, மெட்ரோ கார்டு. ஆபீஸ் லேப்டாப்போடு பழைய புத்தகக் கடைக்குப் போகாதே, தோள் போய்விடும்.

ஜூலை, ஆகஸ்டில் பலத்த மழை பெய்தால் காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அந்த மாதிரி சனிக்கிழமையில் வீரம் காட்டாமல் எஸ்ப்ளனேடில் நீலத் தடத்துக்கு மாறி, காளிகாட்டில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. வரும் வழியில் லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் அரைக் கிலோ காபிப் பொடியும் வாங்கிக்கொள், சிக்கரி கொஞ்சமாகப் போடச் சொல்.