மருத்துவக் கல்லூரியில் சேர எவ்வளவு செலவாகும்?



கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் என்றோர் ஊர் உண்டு. ரப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே ஒரு பாறைக்குன்று. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவியர் தங்கிய குகைக்கோயில் அதன் மேல் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து கற்பாதை வழியே ஏறிச் செல்லலாம். இன்றைய கணக்குக்கு அந்தக் குன்றையே எடுத்துக்கொள்வோம்.

60 கிலோகிராம் நிறையுள்ள மாணவி ஒருத்தி 50 மீட்டர் உயரம் ஏறுகிறாள் எனக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை, எளிமைக்காக, வினாடிக்கு வினாடி 10 மீட்டர் என வைத்தால் அவள் செய்யும் வேலை 60 × 10 × 50 = 30,000 ஜூல். இதை 25 நிமிடங்களில், அதாவது 1,500 வினாடிகளில் செய்தால் அவளுக்குத் தேவையான திறன் 20 வாட். ஐந்தே நிமிடத்தில் ஏற முயன்றால் 100 வாட். வேலை ஒன்றே, திறன் ஐந்து மடங்கு. முதல் முறையில் அவள் தோழியுடன் பேசிக்கொண்டே ஏறிவிடுவாள். இரண்டாவது முறையில் பாதி வழியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவாள்.

மருத்துவக் கல்லூரியில் சேரும் செலவும் இத்தகையதே. முதல் மாதத்திற்கு 30,000 ரூபாய் தேவை எனக் கொள்வோம். மேல்நிலை முதலாண்டின் தொடக்கத்திலிருந்தே சேர்த்துவந்தால் 24 மாதங்களுக்கு, மாதம் 1,250 ரூபாய். இடம் கிடைத்த பிறகு பத்து நாளில் திரட்ட வேண்டுமானால் நாளொன்றுக்கு 3,000 ரூபாய். ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பம் முதல் வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடும். இரண்டாம் வழி அந்தக் குடும்பத்தை அடகுக்கடைக்கு அனுப்பும். எனவே "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது, "எப்போது?" என்றும் கேட்க வேண்டும்.

தொலைவு குறைந்தது

ஒரு காலத்தில் தொலைவே பெருஞ்செலவாக இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி 1951இல்தான் தொடங்கியது. அதற்கு முன் மருத்துவப் பட்டம் பெற விரும்பியவர் 1835இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற தொலைதூரக் கல்லூரிகளையே நாட வேண்டியிருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, அருகிலிருந்த திருவனந்தபுரம் வேறு மாநிலத்து ஊராயிற்று. மதுரைக் கல்லூரி 1954இலும் திருநெல்வேலிக் கல்லூரி 1965இலும் வந்தன. 2001இல் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இன்று சிதறாலிலிருந்து பேருந்திலேயே அங்குப் போய்வரலாம்.

ஆனால் இடம் தருவது தரவரிசை. வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ள தொலைவு அன்று. 2022 ஜனவரியில் மட்டும் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. உங்களுக்கு ஆசாரிப்பள்ளமும் கிடைக்கலாம், அரியலூரோ கிருஷ்ணகிரியோ கிடைக்கலாம். ஆகவே விடுதிச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

கட்டணம்

அரசுக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் எண்ணத்தக்கது. தனியார் கல்லூரிகளிலோ அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது; நிர்வாக ஒதுக்கீட்டில் 10 லட்சத்தையும் தாண்டுகிறது. படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. அந்தப் பயிற்சி ஆண்டில் மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தோருக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் பெற்றவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்க முன்வந்தது. குமரி மாவட்ட மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய உண்டு. ஆசிரியரின் சம்பளத்தை அரசு தருவதால் அவை அரசுப் பள்ளிகள் ஆகிவிடா. இச்சட்டத்தின் ஒதுக்கீடு அவற்றுக்கு இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் தம்பி தங்கையர் உங்கள் வீட்டில் இருந்தால், பள்ளி மாற்றும் முன் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்.

குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குச் செல்வோருக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மிகாவிடில், மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படலாம். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை முழுவதும் படியுங்கள்.

தேர்வுக்கு முந்திய செலவு

2017 முதல் தமிழ்நாட்டில் நீட் தேர்வின் அடிப்படையிலேயே மருத்துவ இடங்கள் நிரப்பப்பட்டு வருகின்றன. 2025ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 180 வினாக்கள். மொத்தம் 720 மதிப்பெண்கள். உயிரியலுக்கு 90 வினாக்கள், வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் 45 வீதம். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும். தவறான விடைக்கு 1 குறையும். அவ்வாண்டு விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 1,700 ரூபாய், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1,600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1,000 ரூபாய்.

உண்மையான பெருஞ்செலவு இதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. விடுதியுடன் கூடிய தனியார் பயிற்சி நிலையத்தில் ஓராண்டுக்குக் கட்டும் தொகை, அரசு மருத்துவக் கல்லூரியின் முழுப் படிப்புக்கும் ஆகும் கல்விக் கட்டணத்தைப் பல இடங்களில் மிஞ்சிவிடுகிறது. முதல் முறை இடம் கிடைக்காமல் இன்னோர் ஆண்டு எழுத எண்ணுவோர், அந்த ஆண்டின் பயிற்சிச் செலவை மட்டுமன்றி ஓராண்டு தாமதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனை முறை முயல்வது, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே வந்தால் வேறு படிப்பில் சேர்வது என்பதை முடிவு வரும் முன்னரே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. முடிவு வந்த நாளில் யாருக்கும் மனம் அமைதியாக இராது.

சான்றிதழ்கள்

பணம் இருந்தும் ஒரு காகிதம் இல்லாமல் திண்டாடுவோர் உண்டு. இவற்றை ஓர் உறையில் சேர்த்து வையுங்கள்: மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், 6 முதல் 12 வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதற்கான சான்று, ஆதார், நீட் விண்ணப்பத்தில் ஒட்டிய அதே புகைப்படத்தின் பிரதிகள்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, பெயர். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னே, ஆதாரில் பின்னே, வேறொன்றில் அது விரிந்து தந்தையின் முழுப்பெயராக என்று மூன்று விதமாக இருந்தால் விண்ணப்பத்திலேயே சிக்கல் தொடங்கும். இப்போதே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, எல்லைப் பகுதி மாணவர்களுக்கு. 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் ஏதேனும் ஒன்றைக் கேரளத்திலோ வேறு மாநிலத்திலோ படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். மூன்றாவது, அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு. மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்குப் போதாது. வசதிமிக்கோர் பிரிவில் சேராதவர் என்னும் ஓ.பி.சி. சான்றிதழைப் புதிதாகப் பெற வேண்டும். இவற்றுக்கெல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் எல்லா மாணவரும் ஒரே வாரத்தில் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகத்தில் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

பெட்டியில் வைப்பவை

முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் முதன்மைப் பாடங்கள். வேண்டுவன: வெள்ளை மேலங்கி இரண்டு, உடற்கூறு அறுவைக் கருவிப் பெட்டி, ஸ்டெதஸ்கோப், குருதியணுக்களை எண்ணும் கருவிகள், எலும்புத் தொகுதி. எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டுவதில்லை. எலும்புகளை மூத்த மாணவர்களிடமிருந்து பெறலாம். அறைத்தோழருடன் பங்கிட்டுப் படிக்கலாம். முந்தைய பதிப்பு உடற்கூறியல் நூல் பாதி விலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பதிப்பு மாறினாலும் தொடை எலும்பு மாறுவதில்லை. விலையுயர்ந்த ஸ்டெதஸ்கோப் முதலாண்டில் தேவையில்லை. எதை வாங்குவது என்பதைக் கல்லூரியில் கேட்ட பிறகே கடைக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்ய வேண்டும். ஊசியும் குருதியும் கையாள்வோருக்கு ஹெப்படைடிஸ்-பி தடுப்பூசி இன்றியமையாதது. வழக்கமான முறையில் மூன்று தவணைகள்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் கழித்து மூன்றாவது. அந்த ஆறு மாதத்தை எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒரு வாரமாகச் சுருக்க முடியாது. குழந்தையாக இருந்தபோது போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடன் வாங்கலாமா?

வாங்கலாம்; ஆனால் கணக்குப் பார்த்து வாங்குங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆயினும் அந்தக் காலத்திலும் வட்டி நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஆண்டுத் தொடக்கத்தில் 60,000 ரூபாய் வீதம் ஐந்தாண்டுகள் வாங்குவதாகவும், தனிவட்டி 10 விழுக்காடு எனவும் கொள்வோம். ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் தொகைக்கு வட்டி 30,000, இரண்டாவதற்கு 24,000, அடுத்து 18,000, 12,000, 6,000. கூட்டினால் 90,000. வாங்கியது 3 லட்சம். நிற்பது 3 லட்சத்து 90 ஆயிரம். படிக்கும்போதே வட்டியை மட்டும் சிறிது சிறிதாகக் கட்டிவந்தால் இந்தச் சுமை ஏறாது.

இயற்பியலை வீட்டில் விட்டுச்செல்லாதீர்கள்

மருத்துவத்துக்கு இயற்பியல் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரத்த அழுத்தம் 120 என்றால் 120 மில்லிமீட்டர் பாதரசத் தம்பத்தின் அழுத்தம். ஏறக்குறைய 16,000 பாஸ்கல். செவித்திறனைச் சோதிக்க 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை. அதிர்வை உணரும் திறனைச் சோதிக்க 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை. குழாய்களில் பாய்மம் ஓடும் விதியைக் கண்ட பாய்செல் ஒரு மருத்துவர். அவ்விதிப்படி, அழுத்த வேறுபாடு மாறாதிருக்கக் குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் 16இல் ஒரு பங்காகக் குறையும். இரத்தக்குழாய் சிறிது குறுகினாலும் இதயம் ஏன் திணறுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

தமிழ்வழியில் படித்தோர் அஞ்ச வேண்டா. நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். கல்லூரிப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆகவே நாளுக்கு ஐந்து கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகினால் ஓராண்டில் 1,800 சொற்கள் சேரும். சேர்ந்த பிறகும் உழைப்பு தேவை. 2023ஆம் ஆண்டின் விதிமுறைப்படி முதலாண்டுத் தேர்வில் தேற நான்கு வாய்ப்புகள் மட்டுமே உண்டு.

செய்து பாருங்கள்

1. ஒரு தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள்: எது வேண்டும், எந்த மாதத்தில் வேண்டும், எங்கிருந்து வரும். இக்கட்டுரையில் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நிரப்புங்கள். மூன்றாம் பத்தியில் வெற்றிடம் உள்ளவற்றை வீட்டுப் பெரியவர்களிடமும் ஆசிரியரிடமும் காட்டுங்கள்.

2. ஒருவர் 18 மாதங்களில் 36,000 ரூபாய் சேமிக்கத் திட்டமிட்டு, முதல் ஆறு மாதங்களை வீணாக்கிவிட்டார். மீதி மாதங்களில் அவர் எவ்வளவு வீதம் சேமிக்க வேண்டும்?

3. உங்கள் பெயர் எல்லாச் சான்றிதழ்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா?

இரண்டாம் வினாவின் விடை: மாதம் 3,000 ரூபாய், முதலிலேயே தொடங்கியிருந்தால் 2,000 ரூபாய். மூன்றாம் வினாவுக்கு விடை உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.