மருமகளுக்கு, மாமா எழுதுவது

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று ராத்திரி உங்க அம்மா போன் பண்ணினாள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நீ பேச்சைப் பாதியில் விட்டு உட்கார்ந்துவிட்டதைச் சொன்னாள். இனிக் கூட்டமே இல்லாத இருக்கையாகப் பார்த்து மாற்றல் கேட்கப் போகிறாய் என்றும் சொன்னாள். போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பாடு, தூக்கமெல்லாம் அத்தை தனியாகக் கேட்பாள்.

மாற்றல் மனுவை மட்டும் இந்த மாதம் கொடுக்காதே. அடுத்த மாதம் நீ எந்த முடிவு எடுத்தாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றி உன்னைவிடத் தெரிந்தவர் அந்தக் கூடத்தில் யார் இருந்திருப்பார்கள்? 2018இல் அந்தப் புழு தமிழ்நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து நீ அதைத்தானே படிக்கிறாய்! நம்ம கொல்லையில் குருத்தைப் பிரித்து, உள்ளே இருந்த புழுவை எனக்குக் காட்டி, எந்தப் பருவத்தில் மருந்து கேட்கும், எப்போது கேட்காது என்று நீ விளக்கியது அப்படியே நினைவிருக்கிறது. அன்றைக்கு உன் கையில் தாள் இல்லை. கூட்டத்தில் இருந்தது. நீ தாளைப் பார்த்தாய், சம்சாரிகள் உன் உச்சந்தலையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர் சத்தம் போட்டதும் மூச்சு அடைத்துவிட்டது. "இவ்வளவு படித்தும் என் பேச்சை யார் கேட்கிறார்கள்" என்று அழுதாயாமே.

இதே வார்த்தையைச் சொல்லி, பழைய கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் அழுததாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஏதென்ஸ் சபையில் பேசித் தோற்று, முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இரவு பகலாக உழைத்த என்னை விட்டுவிட்டு, குடிகாரனும் ஒன்றும் தெரியாதவனும் பேசுவதைக் கேட்கிறார்களே என்று புலம்புகிறார். பின்னாலேயே வந்த சாட்டிரஸ் என்ற நடிகர், நாடகத்தில் ஒரு பகுதியைச் சொல்லச் சொல்கிறார். டெமாஸ்தனிஸ் சொல்லி முடித்ததும் அதே பகுதியைத் தானும் சொல்லிக் காட்டுகிறார், அதற்குரிய குணத்தோடு. வேறு ஏதோ ஒன்றைக் கேட்பதுபோல இருந்ததாம். அதற்குப் பிறகுதான் நிலவறை கட்டி தினமும் குரல் பழகியது, வெளியே போக வெட்கப்படும்படி பாதித் தலையை மழித்துக்கொண்டது எல்லாம். அவர் வாயில் கூழாங்கல் போட்டுப் பேசிப் பழகிய கதையைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். வீடு தேடி வந்த நடிகரைச் சொல்வதில்லை.

பயம் உன் குணம் என்று நீ நினைக்கிறாய். அது உடம்பு செய்கிற வேலை. பயந்தால் மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறிவிடும், வயிறு இறுகும், தொண்டை அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் குரல் நடுங்கும். நடிகர்கள் இதைப் பயிற்சியால் சரி செய்கிறார்கள். காலையில் பாயில் மல்லாந்து படு. வயிற்றில் கையை வைத்து, 'ஸ்ஸ்' என்று மூச்சு தீரும்வரை வெளியே விடு. பிறகு நீயாக இழுக்காதே, தானாக உள்ளே வரட்டும். மேடையில் எழுந்ததும் எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். நீ முதலில் வெளியே விட்டுவிட்டு, ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வாயைத் திற.

இங்கிலாந்தில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்கு 1969இல் குரல் பயிற்சி கொடுக்க வந்த சிசிலி பெரி என்ற அம்மாள், நடிகர்களை நடந்துகொண்டே வசனம் சொல்லச் சொல்வார். நிறுத்தக்குறி வரும் இடத்திலெல்லாம் திசை மாற வேண்டும். உன் பேச்சை மொட்டைமாடியில் இப்படி நடந்து பார். வாக்கியம் எங்கே நீண்டு கிடக்கிறது, யோசனை எங்கே திரும்புகிறது என்பது காலுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இருக்காது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று. மாஸ்கோ கலை அரங்கை 1898இல் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, காட்சிக்குக் காட்சி நடிகரிடம் கேட்ட கேள்வி: இந்த இடத்தில் உனக்கு என்ன வேண்டும்? எதிரே இருப்பவரை என்ன செய்யப் போகிறாய்? பதில் வினைச்சொல்லாக இருக்க வேண்டும். எச்சரிக்கிறேன், கெஞ்சுகிறேன், தேற்றுகிறேன், உசுப்புகிறேன். உன் தாளில் பத்திக்குப் பத்தி ஓரத்தில் இப்படி ஒரு வினைச்சொல் எழுதிப் பார். எனக்குத் தெரிந்தவரை அன்றைக்கு எல்லாப் பத்திக்கும் ஒரே வினைதான்: 'எனக்குத் தெரியும் என்று நிரூபிக்கிறேன்.' விதைத்ததில் பாதியை இழந்து வந்தவனுக்கு அது எதற்கு? அடுத்த விதைப்புக்காவது இனக்கவர்ச்சிப் பொறியை நேரத்தில் வைக்க வேண்டும் என்று அவனைக் கெஞ்ச வேண்டும் நீ. அந்த வேண்டுதல் மனசில் இருந்தால் கையை எங்கே வைப்பது என்ற கவலையே வராது.

குரல் நன்றாக இல்லை என்று சொல்லாதே. அண்ணாவுக்குக் கரகரத்த குரல். உயரமும் குறைவு. ஆனால் அவர் நாடகம் எழுதினார், தானே வேடமும் கட்டினார். 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்ய'த்தில் காகபட்டராக நடித்தவர் அவர். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது கூட்டத்துக்கு முன்னால் நடித்தவருக்கு நன்றாகத் தெரியும்.

நீ நடிப்புப் பழகட்டும் என்று நான் சொன்னதற்கு, "நம்ம வீட்டுப் பெண்ணுக்கு நடிப்பு எதற்கு" என்று உன் பெரியம்மா கேட்டாளாம். இந்தக் கேள்வியை நான் சின்ன வயசிலேயே கேட்டுவிட்டேன். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்க அம்மா ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி நாடகத்தில் கண்ணகி. ஒத்திகையில் அவள் பாண்டியனைக் கேள்வி கேட்டதும் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நின்றார்கள். நானும் நின்றேன். மறுநாள் உன் தாத்தா பள்ளிக்கூடத்துக்கே வந்து, "கூத்தாடிப் பிழைக்கவா படிக்க வைக்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நாலு பேர் இருக்கும் இடத்தில் அக்கா வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. பஞ்சாயத்தில் சொத்துப் பேச்சு வந்தபோது நியாயம் அவள் பக்கம்தான். தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அந்த வடக்குத் தோட்டம் எப்படிப் போனது என்பது உனக்கே தெரியும். பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன். அந்த ஒரு நாளில் அவர் எடுத்துக்கொண்டது அவளுடைய குரலை. இப்போது நீயும் தலையைக் குனிந்து உட்கார்ந்தாய் என்று கேட்டபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேஷம் போடுவது பொய் என்று நினைத்த வீடு நம்முடையது. ஆனால் நடிகன் முதலில் கற்றுக்கொள்வது எதிரே இருப்பவனைக் கவனிப்பதைத்தான். மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பார். ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து வருகிறார்கள், ஒத்திகை கிடையாது, ராத்திரி பத்து மணிக்குமேல் மேடை ஏறினால் விடியும்வரை. வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் வரும்போது, அவர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். கூட்டத்தில் எவனாவது குரல் கொடுத்தால் அதையும் பதிலுக்குள் இழுத்துக்கொள்வாள். உன் பின்வரிசைக்காரருக்கு வேண்டியதும் அதுதான். "நீங்க சொல்லுங்கய்யா, எந்த நிலத்துல?" என்று நீ கேட்டிருந்தால் அவரே மிச்சத்தைப் பேசியிருப்பார்.

திருச்சியில் ஏதோ ஹோட்டலில் ரெண்டு நாள் பேச்சுப் பயிற்சி என்று விசாரித்தாயாம். அங்கே போவதா, பங்குனியில் இங்கே வந்து என்னோடு நாடகம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம தெரு நாடகக் குழுவில் ஒத்திகைக்கு உட்கார்வதா என்பது உன் இஷ்டம். கையை இப்படி வை, அப்படிச் சிரி என்று சொல்லிக்கொடுப்பதற்கு அவ்வளவு பணம் கேட்கிறார்களே என்பது மட்டும்தான் எனக்கு. குழுவில் உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரொம்பப் பேசிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நம்ம வீட்டில் முதல் வேளாண்மை அலுவலர் நீ. வெயிலில் வரப்பு வரப்பாக நடக்கிறாய், அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. நீ கூட்டத்தில் பேசினாலும் பேசாவிட்டாலும் எனக்கு நீ ஒன்றுதான். பேசினால் இன்னும் சந்தோஷம். அத்தை எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டி வைத்திருக்கிறாள், சனிக்கிழமை தம்பி பெரம்பலூர் வரும்போது கொடுத்துவிடுகிறேன். கண்ணகி விஷயத்தை நான் எழுதினேன் என்று அம்மாவிடம் சொல்லாதே. டிபன் டப்பாவைக் கழுவித் தம்பியிடமே கொடுத்தனுப்பு.

அன்புடன்,
மாமா