மறுவாய்ப்பும் நன்றியும்

கேள்வி: கடவுள் மறுவாய்ப்புத் தருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், தவறு செய்யும் துணிச்சல்தானே வளரும்?
– ஒரு வாசகர், செஞ்சி

பதில்: உங்கள் செஞ்சி நாட்டில் 1670களில் மறைப்பணியைத் தொடங்கியவர் புனித அருளானந்தர். 1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, சாவின் விளிம்புவரை போனவரை, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி அந்தச் சீமையின் மன்னர் சேதுபதி விடுவித்தார். பிறகு லிஸ்பன் போனவரை அங்கேயே தங்கும்படி போர்ச்சுகல் அரசர் விரும்பினார். தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் 1690-இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். மீண்டு கிடைத்த ஆயுளைத் தன் சொத்தாக அல்ல, கடனாகவே அவர் எண்ணினார் என்று நான் நம்புகிறேன். அவர் தவறிழைத்துத் திருந்தியவர் அல்லவே என்பீர்கள். சரிதான், அதற்குப் பேதுரு இருக்கிறார். தம்மை மூன்று முறை மறுதலித்தவரிடம், அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்ட இயேசு, ஒவ்வொரு முறையும் தம் ஆடுகளைப் பேணும் பொறுப்பைத் தந்தார். மன்னிப்போடு வேலையும் வந்தது. மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தள்ளுபவருக்கே நீங்கள் அஞ்சும் துணிச்சல் வரும். ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவர் பரிகாரம் விதிப்பதும், திருடியவர் திருடியதைத் திருப்பித் தரவேண்டும் என்று திருச்சபை கற்பிப்பதும் அந்த வேலையைச் சேர்ந்தவையே; வெறும் சடங்கல்ல.