நீண்ட கூந்தலும் உடற்பயிற்சியும்

சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்டிரால் என்று எதைப் பற்றி எழுதினாலும், கடைசியில் "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் நம் பெண்களிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசினால் இன்னொரு கதை வெளியே வரும். "நேற்றுத்தான் தலைக்குக் குளித்தேன். இன்றைக்கு வியர்த்தால் மறுபடி குளிக்க வேண்டும். காய்வதற்கே இரண்டு மணி நேரம். காலையில் ஆபீஸ் போக வேண்டாமா?" மருத்துவர் இதைக் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அதனால் இம்முறை கூந்தலைப் பற்றியே பேசுவோம்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. வட கரோலினாவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் 103 ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்டு, முடிவை 2013-இல் வெளியிட்டார்கள். பத்தில் நான்கு பேர் அளவுக்கு, முடி கெட்டுவிடும் என்பதற்காக உடற்பயிற்சியைச் சில நேரங்களில் தவிர்ப்பதாகச் சொன்னார்கள். அப்போதைய சர்ஜன் ஜெனரல் ரெஜினா பெஞ்சமின் 2011-இல் அட்லாண்டாவில் நடந்த சிகையலங்காரக் கண்காட்சிக்கே போய், உடற்பயிற்சிக்குத் தோதான தலையலங்காரங்களைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நம் பெண்களின் முடி வேறு வகை, பராமரிப்பும் வேறு. ஆனால் சாக்கு ஒன்றுதான்.

அந்தச் சாக்குக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். தெற்காசியர்களுக்கு உடல் எடை அதிகம் இல்லாமலே சர்க்கரை நோய் வருகிறது. அதனால்தான் அமெரிக்க நீரிழிவு சங்கம் 2015-இல், ஆசிய வம்சாவளியினருக்குச் சர்க்கரைப் பரிசோதனையைத் தொடங்க வேண்டிய பி.எம்.ஐ. அளவை 25-இலிருந்து 23-ஆகக் குறைத்தது. வளைகுடாப் பகுதியில் மவுன்டன் வியூவின் எல் கமினோ மருத்துவமனை 2006-இலேயே தெற்காசியர்களுக்கென்று தனி இதய மையம் தொடங்கியதற்கும் இதுபோன்ற காரணங்கள்தான். வாரம் 150 நிமிடம் மிதமான பயிற்சி என்பது பெரியவர்களுக்கான பொது அளவு. தலைக்குக் குளிக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளை விட்டுவிட்டால் அந்த 150 எப்படிச் சேரும்?

முதலில் வரிசையை மாற்றுவோம்

நம் வழக்கத்தில் செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். இங்கே அது பெரும்பாலும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. எதுவாக இருந்தாலும், கடினமான பயிற்சியை அன்று காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எடிசனில் ரூஸ்வெல்ட் பூங்காவோ, ஃப்ரீமாண்டில் எலிசபெத் ஏரியோ, பிளேனோவில் ஆர்பர் ஹில்ஸோ, நன்றாக வியர்க்க நடந்துவிட்டு வந்து எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். குளித்த மறுநாள் எளிய நடையோ யோகாவோ போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சனிக்கிழமை குளித்து, ஞாயிற்றுக்கிழமை ஜிம்முக்குப் போய், திங்கட்கிழமை வருத்தப்படுகிறார்கள்.

வியர்த்த ஒவ்வொரு நாளும் ஷாம்பூ போட வேண்டும் என்பதில்லை. பின்னலை அவிழ்த்து, வேர்ப்பகுதியைப் பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம் விட்டாலே பல நாள் போதும். அரித்தால் வெறும் தண்ணீரில் வேரை மட்டும் அலசலாம். செய்யக் கூடாத ஒன்று உண்டு: ஈரம் காய்வதற்குள் இறுக்கிக் கொண்டை போடுவது. நனைந்த முடி எளிதில் இழுபட்டு அறும். வியர்வையும் எண்ணெய்ப்பசையும் தங்கும் தலையில் பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கும் கொண்டாட்டம்தான். பொடுகு இருந்தால், துத்தநாக பைரிதியோனோ கீட்டோகோனசோலோ உள்ள ஷாம்பூவைத் தலைத்தோலில் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். போட்டவுடனே கழுவினால் பயன் குறைவு.

"அடிக்கடி தலைக்குக் குளித்தால் முடி கொட்டிவிடும்" என்று பாட்டி சொல்வார். ஒரு நாளில் 50 முதல் 100 முடி உதிர்வது யாருக்கும் இயல்பு. வாரம் ஒருமுறை குளிப்பவருக்கு, உதிர்ந்து பின்னலுக்குள் சிக்கியிருந்ததெல்லாம் ஒரே நாளில் கையோடு வருகிறது, பார்த்தால் பயமாக இருக்கிறது. குளியல் அவற்றைக் கொட்ட வைக்கவில்லை. நியூ ஜெர்சிக் குளிரில் ஈரத்தலையோடு போனால் சளி பிடிக்கும் என்பதும் அப்படித்தான். சளி வைரஸால் வருவது. ஆனாலும் ஜனவரியில் ஈரத்தலையோடு கார் நிறுத்துமிடம் வரை நடப்பது யாருக்கும் சுகமில்லை, ஹேர் டிரையர் பயன்படுத்துவதில் தவறில்லை. 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருந்தால் போதும். கொரிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் காயவைத்த முடிக்கு, நீண்ட நேரம் ஈரமாகவே விட்டுத் தானாகக் காய்ந்த முடியைவிடச் சேதம் குறைவாக இருந்தது. (சாம்பிராணி போட்டு உலர்த்தலாமே என்பவர்களுக்கு: அபார்ட்மென்டில் புகை அலாரம் இருக்கிறது!)

மடித்துக் கட்டிய ரெட்டை ஜடை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டை ஜடை நினைவிருக்கிறதா? இடுப்பு வரை முடி உள்ளவருக்கு ஓடவும் குதிக்கவும் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது எங்கள் கருத்து. பாரம் இரண்டு பக்கமும் பிரிகிறது. நீளம் பாதியாகிறது. முதுகில் அடிப்பதில்லை, எதிலும் மாட்டுவதில்லை. இங்கே வளரும் பெண்ணிடம் "ரெட்டை ஜடை" என்றால் முகம் சுளிப்பாள். "டச் பிரெய்டு" என்று சொல்லிப் பாருங்கள், உடனே உட்காருவாள். கால்பந்து ஆடும் பெண்கள் தலையோடு ஒட்டிப் பின்னிக்கொள்வது ஏறத்தாழ அதுதான்.

பின்னும் முன் முடி காய்ந்திருக்க வேண்டும். நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வாருங்கள். காய்கறிக் கட்டில் வரும் ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம். துணி சுற்றிய, இரும்பு இணைப்பு இல்லாத பேண்டு நல்லது. கொண்டை ஊசியும் உலோகக் கிளிப்பும் உருண்டு புரளும் பயிற்சிகளுக்கு ஆகாது.

என்ன பயிற்சி என்பதைப் பொறுத்து முடிச்சின் இடம் மாறும். படுத்துச் செய்யும் பயிற்சிகளில் பிடரியில் கொண்டை இருந்தால் கழுத்து முன்னால் தள்ளப்படும். சர்வாங்காசனத்தில் இது வலியில்தான் முடியும். அதற்கு உச்சிக் கொண்டைதான் சரி. சைக்கிளுக்கு இதற்கு நேர் எதிர்: உச்சிக் கொண்டைமேல் ஹெல்மெட் உட்காராது, பின்னுக்குச் சாய்ந்து நெற்றியைத் திறந்து விட்டுவிடும். எனவே தாழ்ந்த பின்னல். நியூ ஜெர்சியில் 17 வயதுக்குக் கீழும், கலிபோர்னியாவில் 18 வயதுக்குக் கீழும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். டெக்சாஸில் மாநிலம் முழுவதற்கும் அப்படிச் சட்டம் இல்லை என்பதற்காகப் பிள்ளைகளை வெறுந்தலையோடு விட வேண்டாம்.

வலித்தால் இறுக்கம் அதிகம்

போனி டெயில் இறுக்கிக் கட்டினால் தலை வலிப்பது கற்பனை அல்ல. வெளியிலிருந்து இழுப்பதால் வரும் தலைவலி என்று சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டிலேயே அதற்கு இடம் உண்டு. கட்டை அவிழ்த்தால் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் விட்டுவிடும். தலைவலியைவிடக் கவலைக்குரியது, இழுப்பினால் ஏற்படும் முடி இழப்பு. கிரீன்லாந்துப் பெண்கள் உச்சியில் இறுக்கிக் கட்டிய முடியால் நெற்றியோரம் வழுக்கையானதை 1907-லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காதோரத்திலும் நெற்றி விளிம்பிலும் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு பருக்கள், உடைந்த குட்டை முடிகள், அகலமாகிக்கொண்டே போகும் வகிடு: இவை தொடக்க அடையாளங்கள். இந்நிலையில் இறுக்கத்தை விட்டால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு வளராது.

பரதநாட்டியம் கற்கும் பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வகுப்பில் இறுக்கிய பின்னல், மேடையில் சவுரி, குஞ்சலம், பூ, நெற்றிச்சுட்டி என்று பாரம் ஏறிக்கொண்டே போகிறது. அரங்கேற்றத்துக்கு முந்தைய மாதங்களில் ஒவ்வொரு ஒத்திகைக்கும் முழு அலங்காரம் தேவையா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். உடை ஒத்திகைக்கு மட்டும் சவுரி போதும். நிகழ்ச்சி முடிந்ததும் புகைப்படங்களுக்காக இன்னும் இரண்டு மணி நேரம் நிற்க வைக்காமல் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். மற்ற நாட்களில் வகிடையும் கட்டும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பது நல்லது.

நீச்சல் குளம்

நம் பெண் குழந்தைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நீச்சலை விடுவதற்கு முடியும் ஒரு காரணம். விட வேண்டியதில்லை. குளத்தில் இறங்கும் முன் ஷவரில் தலையை நன்றாக நனைத்துவிட்டால், ஏற்கனவே நல்ல தண்ணீரைக் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று இந்தியாவில் செய்து 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. நுனிப் பாதியில் சில துளி தடவி, நீண்ட முடிக்கென விற்கும் பெரிய சிலிகான் தொப்பிக்குள் பின்னலைச் சுருட்டி வையுங்கள். லேடெக்ஸ் தொப்பி எண்ணெய் பட்டால் கெட்டுப்போகும். தலை வழிய எண்ணெய் வைத்துக்கொண்டு பொதுக்குளத்தில் இறங்குவது மற்றவர்களுக்கு நியாயமல்ல. முடி பச்சையாவது நரைத்த, வெளிர்ந்த, சாயம் போக்கிய முடியில்தான் கண்ணுக்குத் தெரியும், அதற்குக் காரணம் குளோரின் அல்ல, தண்ணீரில் உள்ள செம்பு.

அழகைவிட முக்கியமானது அடித்தள வடிகால். அதன் உறிஞ்சும் விசையில் அவிழ்ந்த முடி மூடியின் துளைகள் வழியே உள்ளே போய் முடிச்சிட்டுக்கொண்டால், மோட்டாரை நிறுத்தினாலும் எடுக்க வராது. 2002-இல் வர்ஜீனியாவில் ஏழு வயதுச் சிறுமி வர்ஜீனியா கிரேம் பேக்கர், வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உடலை இழுத்துப் பிடித்ததால் இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-இல் கூட்டாட்சிச் சட்டம் வந்து, பொதுக்குளங்களுக்கு 2008 டிசம்பரிலிருந்து பாதுகாப்பான மூடிகள் கட்டாயமாயின. முடி சிக்குவதும் அந்த மூடிகள் தடுக்க வேண்டிய ஆபத்துகளில் ஒன்று. ஆனால் டெக்சாஸில் நம்மவர்கள் வாங்கும் பழைய வீடுகளின் கொல்லைப்புறக் குளத்தில் பழைய தட்டை மூடி இன்னும் இருக்கலாம். கோடைக்கு முன் ஒரு நிபுணரை வைத்துப் பாருங்கள். மூடி உடைந்தோ காணாமலோ இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. மோட்டார் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். விருந்துக்கு வந்த குழந்தைகள் ஆழத்தில் மூழ்கி வடிகாலைத் தொட்டு விளையாடுவதை நிறுத்துங்கள்.

ட்ரெட்மில் பெல்ட், எடை தூக்கும் கம்பிக் கயிறு, நிலையான சைக்கிளின் சக்கரம் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை. ஓடும் ட்ரெட்மில்லின் பின்னால் பாய் விரித்து யோகா செய்ய வேண்டாம். விழுந்த போனை எடுக்கக் குனியுமுன் நிறுத்துங்கள். துப்பட்டாவும் முடியோடு சேர்த்தி. அதைக் கழற்றி வைத்துவிட்டே ஏறுங்கள்.

பள்ளி அணியில் "முடியை வெட்டினால்தான் ஆடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். 2018 டிசம்பரில் நியூ ஜெர்சியின் ப்யூனாவில் ஒரு மாணவர், மல்யுத்தப் போட்டியில் தொடர நடுவர் கேட்டதற்காக, அரங்கிலேயே தன் சடைமுடியை வெட்டக் கொடுத்தார். நாடே அதைப் பார்த்தது. மறு ஆண்டு டிசம்பரில் அம்மாநிலத்தில் கிரவுன் சட்டம் வந்தது. கலிபோர்னியாவில் அதற்குச் சில மாதம் முன்பே, 2019 ஜூலையில் கையெழுத்தானது. டெக்சாஸில் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இனத்தோடு தொடர்புடைய முடியமைப்பையும் பின்னல் போன்ற அலங்காரங்களையும் காட்டிப் பாகுபாடு செய்வதை இச்சட்டங்கள் தடுக்கின்றன. பாதுகாப்புக்காகக் கட்டிக்கொள்ளச் சொல்வது வேறு, அதைக் கேட்டு நடக்க வேண்டும்.

எல்லா முடி உதிர்வுக்கும் பயிற்சியையோ குளோரினையோ குறை சொல்லவும் வேண்டாம். பிரசவத்துக்குப் பின் சுமார் நான்காம் மாதத்தில் அதிகம் கொட்டுவது இயல்பு. குழந்தையின் முதல் பிறந்தநாள் அளவில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். தைராய்டு கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம், இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை உண்டு. நெற்றியோரம் பின்வாங்கினாலோ, வட்டமாக உதிர்ந்தாலோ, தலைத்தோலில் வலியோ சீழோ இருந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது ஆறு மாதம் முன்பு எடுத்த புகைப்படம் ஒன்றையும், வழக்கமாகப் போடும் கட்டோடேயே தலையையும் கொண்டு போங்கள். எங்கே இழுக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்வார்.